சாயங்காலம் ஐந்து மணிக்கு நின்றவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு ஏசி மெக்கானிக். இருபது வருஷமாக ஸ்பேனர் பிடித்த கை இது. மைக் முன்னால் உட்காருவது இதுதான் முதல் தடவை, பேச்சு கொஞ்சம் அங்கே இங்கே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் கிறிஸ்தவ சபைக் கூடத்தில் சாயங்கால வகுப்பு ஒன்று நடத்துகிறோம். படிப்பைப் பாதியில் விட்ட பையன்களுக்கு ஏசி மாட்டவும் பழுதுபார்க்கவும் சொல்லிக்கொடுக்கிறோம். அதைப் பற்றித்தான் பேசச் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்துப் பையன்களைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. 'எப்ப பார்த்தாலும் முனையிலேயே நிக்கிறானுங்க' என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மத்தேயு 20ஆம் அதிகாரம் ஞாபகம் வரும். ஒரு திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் சந்தைக்குப் போய்க் கூலிக்கு ஆள் பிடிக்கிறார். ஒன்பது மணிக்கு மறுபடி போகிறார், அப்புறம் பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு. கடைசியாகச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் அப்போதும் சில பேர் நிற்கிறார்கள். ஏன் பகல் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லையே என்கிறார்கள்.

சின்ன வயதில் இந்தக் கதையை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எல்லாமே கூலியைப் பற்றித்தான். ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுத்தது நியாயமா என்று. எனக்கு இப்போது அந்த ஐந்து மணி ஆட்கள்தான் பெரிதாகத் தெரிகிறார்கள். சோம்பேறியாக இருந்தால் மத்தியானமே வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பான். இவர்கள் பொழுது சாயும்வரை நின்றிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தை ஒரு காலத்தில் மில் சங்கு கூப்பிட்டது. பக்கிங்காம் கர்நாட்டிக் மில், எங்கள் வாயில் பின்னி மில். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பிறந்ததே அந்த மில் தொழிலாளர்களால்தான். திரு.வி.க. வந்து பேசிய மண். 1955இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. பெரியவர்களைக் கேட்டால் மாதச் சம்பளம், பஞ்சப்படி என்று இன்னும் கண் விரியப் பேசுவார்கள். மில் 1996இல் மூடிவிட்டது. இன்றைக்கு என் வகுப்புக்கு வருகிறவர்களில் பலருக்குத் தாத்தா மில் தொழிலாளி, அப்பா லோடுமேன். பையன் முனையில் நிற்கிறான்.

சரி, யாரும் ஏன் கூப்பிடுவதில்லை? படிப்பு குறைவு என்பது ஒன்று. அதைவிடப் பெரிய தொல்லை விலாசம். 'எந்த ஏரியாப்பா?' என்ற கேள்வியிலேயே பாதி இன்டர்வியூ முடிந்துவிடும். எங்கள் பையன் ஒருவன் எங்கே போனாலும் வியாசர்பாடி என்று சொல்லாமல் பெரம்பூர் என்றே சொல்லுவான். ஆதாரை நீட்டச் சொன்னதும் முகம் விழுந்துவிடும். ஒரு கடையில் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, 'இடம் காலியில்லை' என்றார்களாம். கடை வாசலில் 'ஆட்கள் தேவை' போர்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் காப்பர் பைப்தான். வெட்டு, பிசிறு எடு, வாயை விரி. வாயை விரிப்பதைத்தான் ஃபிளேர் என்போம். பிசிறு எடுக்கும்போது பைப்பைத் தலைகீழாகப் பிடிக்கவேண்டும், இல்லையென்றால் துகள் உள்ளே விழுந்து ஒருநாள் கம்ப்ரஸரைத் தின்றுவிடும். வாய் ஒரு பக்கம் கோணினால் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் உள்ளே ஓடுகிற குளிரூட்டும் கேஸ் கசியும். காப்பர் விற்கிற விலைக்கு எங்களால் புதுச் சுருள் வாங்கிக் கட்டுப்படியாகாது. பழைய பைப் துண்டுகளில்தான் பழக்கம். அதிலேயே ஆயிரம் தடவை கெடுக்கவேண்டும். இப்போது வரும் ஏசிகளில் நிறைய ஆர்-32 கேஸ். லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. பைப்பில் மிச்ச கேஸ் இருக்கும்போது பற்றவைத்தால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே சொல்லிப் பயமுறுத்திவிடுவேன்.

அப்புறம் வேக்கம். பைப் எல்லாம் மாட்டி முடித்ததும் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கவேண்டும். இருபது நிமிஷம், அரை மணி ஆகும். சீசனில் ஒரு நாளைக்கு ஐந்து வீடு பார்க்கிறவன் அந்த அரை மணியைத்தான் மிச்சம்பிடிப்பான். வெளியே மாட்டுகிற அவுட்டோர் பெட்டியில் இருக்கிற கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடுவான். ஏசி உடனே ஜில்லென்று ஓடும், வீட்டுக்காரர் டீ கொடுத்து அனுப்புவார். உள்ளே தங்கிய ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸரை மெதுவாக அரிக்கும். அது போகிறபோது மாட்டினவன் யார் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. மொட்டை மாடி வெயிலில், யாரும் பார்க்காத இடத்தில், அந்த அரை மணி நேரம் பம்ப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். எங்கள் வகுப்பில் விசுவாசம் என்ற பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வரும். அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா என்று மலைப்பிரசங்கத்தில் இருக்கிறதே, அதை மாடியில் வைத்துச் சொன்னால் பையன்களுக்கு உடனே புரிகிறது. இயேசுவும் தச்சுவேலை பார்த்தவர், பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தவர் என்று சொன்னபோது ஒருவன் கேட்டான், 'அப்ப பவுலுக்கும் பில் பாக்கி வெச்சிருப்பாங்களா அண்ணா?' என்று. வைத்திருப்பார்கள்.

இந்த இடத்தில் சிலருக்கு, மதம் மாற்றத்தான் இந்த வகுப்போ என்று ஒரு சந்தேகம் வரும். நேராகவே சொல்லிவிடுகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு கறுப்பு வேட்டியில் வந்து வெல்டிங் கற்ற பையன் உண்டு. ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்க வகுப்பை நிறுத்துவோம். தொடங்குமுன் ஒரு நிமிஷம் ஜெபம், வேண்டாதவன் வெளியே நின்று டீ குடித்துவிட்டு வரலாம். தொழில் கொடுத்து மதம் வாங்குவது என்றால் அது வியாபாரம், எங்கள் போதகருக்கே அதில் கோபம் வரும்.

உண்மையில் சபை எங்களுக்குக் கொடுப்பது வேறு. பெயர். பையனுக்குச் சான்றிதழ் இருக்கும், அவனை நம்பி வீட்டுக்குள் விட ஆள் இருக்காது. ஏசி மெக்கானிக் படுக்கையறை வரை போகிறவன், பாருங்கள். அதனால் சபை மூப்பர்கள் ஆளுக்கு இரண்டு பையன் என்று பொறுப்பேற்றுக்கொண்டார்கள். கடைக்காரரிடம் அவர்களே கூடப் போய், 'ஏதாவது ஆனா என்னைக் கேளுங்க' என்று சொல்லிவிட்டு வருவார்கள். ரிட்டயரான ரயில்வே பெரியவர் ஒருவர், போலீஸ் கேஸ் முடிந்து வந்த ஒரு பையனுக்காக ஒரே கடைக்கு நான்கு தடவை நடந்தார். நான்காம் தடவை கடைக்காரர், 'உங்க கால் வலிக்கே சேர்த்துக்கறேன் ஐயா' என்றாராம்.

சேர்ந்தவர்கள் எல்லோரும் நிலைத்துவிடவில்லை. சென்ற வகுப்பில் பதினான்கு பேரில் ஐந்து பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். முனையில் நிற்கிறவன் என்ற பழைய கதையைச் சொல்லிக் குற்றம் சாட்டுவது சுலபம். எனக்குத் தெரிந்து முக்கியக் காரணம் மாதச் சம்பளம். காசிமேட்டில் விடிகாலை மீன் கூடை தூக்கினால் ஏழு மணிக்குக் கையில் காசு. கடையில் ஹெல்பராகச் சேர்ந்தால் முப்பது நாள் காத்திருக்கவேண்டும். அந்த முப்பது நாளும் வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே. இப்போது முதல் மாதத்துக்கு மட்டும் வாராவாரம் ஒரு தொகை முன்பணம் கொடுக்கிறோம், சம்பளம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடுவார்கள். இது முன்னாலேயே தோன்றியிருக்கவேண்டும், தோன்றவில்லை. மழைக்காலம் இன்னொரு தலைவலி. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வகுப்பில் பாதி ஆள் இருக்காது.

மீனவப் பையன்களுக்கு மட்டும் ஒரு வசதி அமைந்துவிட்டது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். கடலுக்குப் போகமுடியாது. சென்னையில் ஏசி மெக்கானிக்குக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதங்களும் அவைதான். மார்ச்சிலேயே பைப் வேலை கற்றுக்கொண்டால் தடைக்காலத்தில் ஹெல்பராகப் போகலாம். வலை பின்னுகிற விரல் ஃபிளேர் போடும்போது நடுங்குவதில்லை என்பது என் அனுபவம். ராயபுரம் என்ற பெயரே ராயப்பரை, அதாவது பேதுருவை வைத்து வந்தது என்பார்கள். அவரும் மீனவர்தானே என்று பையன்கள் பெருமையடித்துக்கொள்வார்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஓடாத பழைய ஏசி இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கம்ப்ரஸர் போயிருந்தாலும் பரவாயில்லை, பிரித்துப் பழக எங்களுக்கு அது போதும். மூன்றாவது மாடி, இறக்க ஆள் இல்லையே என்று யோசிக்கவேண்டாம். நான்கு பையன்களோடு நானே வந்து கழற்றி எடுத்துக்கொள்கிறேன். டீ கொடுத்தால் குடிப்போம். வணக்கம்.