உப்புக்காற்றில் ஆர்க்கிட்

நேயர்களுக்கு வணக்கம்.

1698-ஆம் ஆண்டு கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவிலிருந்து ஒரு செடி கப்பலேறி ஹாலந்துக்குப் போனது. வெப்பமண்டலத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன முதல் மர ஆர்க்கிட்டுகளில் ஒன்று அது. பெயர் பிராசவோலா நோடோசா. குராசோ எப்படிப்பட்ட இடம் தெரியுமா? மழை குறைவு, கள்ளி நிறைந்த காய்ந்த நிலம், ஆண்டு முழுக்க வெயில், ஓயாத கடற்காற்று. அந்தக் காற்றில்தான் இந்த ஆர்க்கிட் பாறையிலும் மரத்திலும் தொற்றிக்கொண்டு வளர்ந்தது.

ஆர்க்கிட் என்றால் மலைக்காடும் மூடுபனியும் வேண்டும் என்று நினைத்து ஆசையை அடக்கிக்கொள்ளும் கடலோரத்துத் தோட்டக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தச் செடியின் கதையைத்தான். பென்சில் போல் உருண்டு தடித்த இலை, அதன் மேல்பக்கத்தில் ஒரு பள்ளம், நடுவில் இதயம் போல் விரிந்த வெள்ளை இதழோடு பூ. பகலில் பூவை முகர்ந்தால் ஏமாற்றமாக இருக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் மணம் கிளம்பும். இரவில் வரும் விட்டில் பூச்சிகளுக்கான அழைப்பு அது. தோட்டத்தில் எங்கே இருக்கிறது என்று இருட்டில் தேடாமலே தெரிந்துவிடும்.

என் முதல் ஆர்க்கிட்டுகளை நான் இழந்தது வறட்சியால்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இலைகள் சுருங்கின. தாகம் என்று நினைத்து இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். மேலும் சுருங்கின. ஒருநாள் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் ஈரம் தேங்கிய தேங்காய் நாருக்குள் வேர்களெல்லாம் பழுப்பாக அழுகி நூல் போலக் கிடந்தன. வேர் இல்லாத செடிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றி என்ன பயன்? அன்றிலிருந்து இலையை விட்டுவிட்டு வேரைப் பார்க்கத் தொடங்கினேன். இன்றைய பேச்சு முழுக்க அந்த வேரைப் பற்றித்தான்.

மரத்தில் ஒட்டி வளர்வதால் ஆர்க்கிட்டைப் புல்லுருவி என்று நினைப்பவர்கள் உண்டு. புல்லுருவி மரத்துக்குள் வேரைச் செலுத்தி அதன் சாற்றைக் குடிக்கும். ஆர்க்கிட் கேட்பது உட்கார ஓர் இடம் மட்டுமே. அதற்கு வேண்டிய நீரை மழை, பனி, காற்றின் ஈரம் ஆகியவற்றிலிருந்து தானே பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே வேரைச் சுற்றி வெலமென் என்ற பஞ்சு உறை இருக்கிறது. செத்துப்போன, உள்ளீடற்ற செல்களால் ஆன உறை. காய்ந்திருக்கும்போது அவற்றில் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளி போல் வெளுத்துத் தெரியும். தண்ணீர் பட்டால் கொஞ்ச நேரத்திலேயே உறிஞ்சிக்கொள்ளும். உடனே உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். மழையின் முதல் துளிகள் கிளையில் படிந்த தூசியையும் பறவை எச்சத்தையும் கரைத்துக்கொண்டு வருகின்றன இல்லையா, அந்த முதல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் இந்தப் பஞ்சின் வேலை.

ஆக, இந்த வேர் நனைந்து, பிறகு காய்வதற்காகவே ஏற்பட்டது. கட்டையில் கட்டிய செடியைக் காலையில் நனைத்தால் மாலைக்குள் வேர் வெளுத்துவிட வேண்டும். தொட்டியில் இருப்பது இரண்டு மூன்று நாளில் காயலாம். பச்சையாக இருக்கும் வேருக்கு மீண்டும் தண்ணீர் தேவையில்லை. நாள் கணக்கை விட இந்த நிறத்தை நம்புங்கள். கடற்காற்று வேரைச் சீக்கிரம் காய வைப்பதால் வறண்ட கடலோரத்தில் அழுகல் நோய் குறைவு. அந்த வகையில் நமக்கு வாய்த்தது நல்ல இடம்தான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் காற்றே புகாத, சூடான கண்ணாடி வீடுகளில் அடைத்து எத்தனையோ ஆர்க்கிட்டுகளைக் கொன்றார்கள். காற்றோட்டம் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் செடிகள் பிழைத்தன.

இன்னொன்றும் நமக்குச் சாதகம். தடித்த இலை கொண்ட ஆர்க்கிட்டுகள் பல, பகலில் இலைத் துளைகளை மூடி வைத்துவிட்டு இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. பகல் வெப்பத்தில் ஈரத்தை இழக்காமல் இருக்க அவை கண்ட வழி இது. வறண்ட கடலோரத்திலும் இரவில் காற்றின் ஈரப்பதம் ஏறும், சில மாதங்களில் பனியும் இறங்கும். செடி மூச்சு விடுகிற நேரமும் காற்றில் ஈரம் இருக்கிற நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. நான் விடியற்காலையில் தண்ணீர் விடுகிறேன். மாலையில் செடியை விட்டுவிட்டுத் தரையையும் சுற்றியுள்ள செங்கற்களையும் மட்டும் நனைத்து வைக்கிறேன். குருத்தில் நீர் தேங்கி இரவைக் கழித்தால் அழுகிப்போகும், குறிப்பாக ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகையில்.

சரி, அப்படியானால் கடலோரத்தில் ஆர்க்கிட் ஏன் சாகிறது? என் அனுபவத்தில் முதல் காரணம் உப்பு. முதல் மழைத்துளியைப் பிடிக்கும் அதே பஞ்சு உப்பையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. வறண்ட காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது, உப்பு வேரிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த முறை ஊற்றும்போது இன்னும் கொஞ்சம் சேருகிறது. வளரும் வேரின் நுனி பச்சையாகவோ ஊதா கலந்தோ பளபளவென்று இருக்க வேண்டும். அது கருகி நின்றுவிட்டால், இலை நுனியும் காய்ந்து வந்தால், மண்தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவம் தெரிந்தால், காரணம் உப்புதான்.

உப்பு பல வழியில் வருகிறது. கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் வருவது எல்லோருக்கும் தெரியும். நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் அளந்து பாருங்கள். 200 பிபிஎம்முக்குள், அதாவது பத்து லட்சத்தில் 200 பங்குக்குள் இருந்தால் நிம்மதி. 500-ஐ நெருங்கினால் அந்த நீரை மட்டும் நம்பி ஆர்க்கிட் வளர்க்க வேண்டாம், மழைநீரையோ ஆர்ஓ நீரையோ கலந்து கொடுங்கள். மழை குறைவான இடத்தில் மழைநீருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். 100 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தாலே 90 லிட்டருக்கு மேல் கிடைக்கும். கட்டையில் கட்டிய பத்துச் செடிகளுக்கு அது நிறைய நாள் வரும்.

பலர் கவனிக்காத வழி தேங்காய் மட்டைத் துண்டு. மட்டையிலேயே உப்பு ஊறியிருக்கும். வாங்கியதும் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, நீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து, இப்படி மூன்று முறையாவது செய்யுங்கள். கடைசியாக வடிகிற நீரையும் அளந்து பாருங்கள். எனக்கு மரக்கரியும் உடைந்த ஓடும்தான் பிடித்தவை. பக்கவாட்டில் துளை உள்ள மண்தொட்டியில் அவற்றைப் போட்டால் போதும், பானைபோல் ஆவியாகித் தானே குளிர்ந்துகொள்ளும். கரியும் நாளடைவில் உப்பைச் சேர்த்துக்கொள்வதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

அப்புறம் உரம். அதுவும் உப்புதான். புட்டியில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு போதும், அதையும் வேரை வெறும் நீரால் நனைத்த பிறகே கொடுங்கள். மாதம் ஒருமுறை உரமில்லாத நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி, அடியில் வழிந்தோட விட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊற்றிக் கழுவுங்கள். கடலுக்கு மிக அருகில் இருப்பவர்கள் பலத்த காற்று அடித்த மறுநாள் இலைகளையும் நல்ல நீரால் கழுவிவிட வேண்டும். காற்றைத் தடுக்கச் சுவர் எழுப்பாதீர்கள், சுவரைத் தாண்டிய காற்று சுழன்று செடியை உலுக்கும். வேலிச் செடியோ வலையோ காற்றைச் சல்லடை போல் வடிகட்டி அனுப்பும்.

வெளிச்சத்துக்கு இலையின் நிறமே அடையாளம். கரும்பச்சை என்றால் வெளிச்சம் போதாது, பூக்காது. இளம் பச்சையில் லேசான மஞ்சள் கலந்திருந்தால் சரி. கேட்லியா, டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகைகளுக்கு 50 சதவீத நிழல்வலை பெரும்பாலும் போதும். உச்சி வெயிலில் இலையைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சுட்டால் உடனே நிழல் கூட்டுங்கள், இல்லையென்றால் வெளுத்த தீக்காயம் விழுந்துவிடும். வறண்ட மாதங்களில் இலையின் அடியில் சிலந்திப்பேன் சேரும், நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினாலே பெரும்பாலும் அடங்கும்.

எந்தச் செடி என்று கேட்டால், கடைகளில் அதிகம் கிடைக்கும் ஃபெலனாப்சிஸைத் திறந்தவெளிக்கு முதல் செடியாக வாங்காதீர்கள். நீரைச் சேமித்து வைக்க அதற்குத் தண்டுக்கிழங்கு இல்லை. கூடையில் வேர் தொங்கும் வாண்டா அழகுதான், ஆனால் வறண்ட காற்றில் தினமும், சில நாள் இரண்டு வேளையும் நனைக்க வேண்டும். பிராசவோலா, என்சைக்ளியா, ஆப்பிரிக்காவின் வெப்பக் காடுகளில் வளரும் ஆன்செல்லியா, ஆஸ்திரேலியாவின் வடகோடியில் நீண்ட வறண்ட காலத்தைத் தாங்கும் டென்ட்ரோபியம் பைகிப்பம், இவற்றில் ஒன்றிலிருந்து தொடங்கலாம். கடைசியாகச் சொன்னது ஓய்வுக்காலத்தில் இலை உதிர்க்கும். பட்டுப்போனதென்று பயந்து தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள். மெக்சிகோ, பெலிஸ் பக்கத்தில் வளரும் மிர்மிகோஃபிலா என்ற ஆர்க்கிட்டின் தண்டு உள்ளே கூடாக இருக்கும். எறும்புகள் அதில் குடியேறி, கழிவையெல்லாம் உள்ளேயே போட, செடி அதிலிருந்து சத்து எடுத்துக்கொள்கிறது. எனக்கு மிகப் பிடித்த கூட்டணி அது.

முடிந்தால் செடியை மரத்திலேயே கட்டுங்கள். பட்டை உரியும் கொய்யாவும் யூக்கலிப்டஸும் வேண்டாம். சொரசொரப்பான, உதிராத பட்டை உள்ள மரமாக, காலை வெயில் விழுந்து உச்சி வெயில் படாத பக்கமாகப் பாருங்கள். புது வேர் முளைவிடும் தருணமே கட்டுவதற்கு ஏற்ற நேரம். செம்புக் கம்பி வேண்டாம், செம்பு வேரைக் கொல்லும். பழைய துணிக் கீற்று போதும். ஆனால் ஆடாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். காற்றில் செடி அசைந்துகொண்டே இருந்தால் புது வேரின் நுனி பட்டையில் உரசித் தேய்ந்துவிடும். சில மாதம் கழித்துச் செடியை மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் வேர் பட்டையைப் பிடித்துக்கொண்டது. துணியை அவிழ்த்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.