விதையில்லா தர்பூசணி விதை வாங்கப் போறீங்களா? இதப் பாத்துட்டு போங்க | சேலம் மொட்டமாடி வ்லாக்

வணக்கம் மக்களே! இன்னிக்கு மிளகா செடி அப்டேட் தர்றேன்னு சொல்லியிருந்தேன், அது அடுத்த வீடியோல வரும். இப்ப நான் செம கடுப்புல இருக்கேன். இந்தா, இந்த பாக்கெட்ட பாருங்க, ஃபோகஸ் ஆகுதா? விதையில்லா தர்பூசணி. உள்ள 10 விதை, விலை 180 ரூபா! ஒரு விதை 18 ரூபாங்க. எதிர் வீட்டு அக்கா வாங்கிட்டு வந்தாங்க, கொடி சூப்பரா படர்ந்துச்சு, பூவும் பூத்துச்சு, ஆனா பிஞ்சு அத்தனையும் மஞ்சளாகி கொட்டிப்போச்சு. பாவம் அவங்க, உரம் பத்தலையோன்னு உரமா வாங்கி கொட்டிட்டு இருக்காங்க.

பிரச்சன உரத்துல இல்லவே இல்லங்க. இந்த ரகத்த ஜப்பான்ல கிஹாரான்னு ஒரு விஞ்ஞானி கொண்டு வந்தாரு. ஊசி போட்டுத்தான் விதையில்லாம பண்றாங்கன்னு சிலர் சொல்றாங்க, ஊசி கீசி எல்லாம் கிடையாது. குரோமோசோம், அதாவது செல்லுக்குள்ள மரபுக் குணத்த சுமக்கற இழை, அது நாலு செட் இருக்கற செடியையும் ரெண்டு செட் இருக்கற சாதா செடியையும் சேத்து எடுக்கற விதை, அதனால இதுல மூணு செட். அதான் பழத்துல விதை முத்தாது, இதோட மகரந்தமும் வேலைக்கு ஆகாது. பக்கத்துல விதை உள்ள சாதா தர்பூசணி ஒண்ணு பூத்துட்டு இருந்தாத்தான் காய் நிக்கும். இந்த ஒரு வரிய கடைக்காரர் சொல்லல, பாக்கெட்லயும் போடல! 180 ரூபா வாங்கத் தெரியுதுல்ல?

மாடியில வெக்கறவங்களுக்கு நான் சொல்றது அர்கா முத்துதான். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தோட ரகம், கொடி குட்டையா இருக்கும், 75-80 நாள்ல பழம். சுகர் பேபியும் நல்லதுதான், கரும்பச்சை உருண்ட, ஆனா கொடி ரொம்ப ஓடும். அர்கா மாணிக் 6 கிலோ வரைக்கும் போகும், இலையில வெள்ளப் பொடி மாதிரி படர்ற சாம்பல் நோய தாங்கும், நெலம் இருக்கறவங்க போடுங்க, மாடிக்கு வேணாம்.

இப்ப இதப் பாருங்க, நம்ம அர்கா முத்து! துப்பட்டா தொட்டில்ல தொங்கிட்டு இருந்துச்சே, அதே பழம். தராசுல மாட்டறேன்... இருங்க, காத்துல ஆடுது... 2 கிலோ 650! தெரியுதா? கிட்ட காட்டறேன், 2 கிலோ 650ங்க! கொண்டலாம்பட்டி வெயில்ல, மாடியில, ஒரு பையில! பழம் ஒட்டியிருக்கற கணுவுல, கொடி புடிச்சு ஏறுற சுருள் கம்பி இருக்கு பாருங்க, முழுசா காஞ்சு பழுப்பாயிடுச்சு, அப்பத்தான் பறிக்கணும். தட்டிப் பாத்து கண்டுபுடிக்கறத நான் நம்ப மாட்டேன். தரையில வளர்றதுன்னா அடிப்பக்கம் வெள்ளையா இருந்தது வெண்ண மஞ்சளுக்கு மாறணும்.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன், காலையில 9 மணிக்குள்ள ஆண் பூவ பறிச்சு பெண் பூவுல தடவணும், பெண் பூவுக்கு அடியில குட்டி உருண்ட இருக்கும். எங்க மாடிக்கு தேனீ கம்மி, அதனால நான் கையாலதான் செய்றேன். பழுக்கற சமயத்துல தண்ணிய கொறச்சுருங்க, இல்லன்னா சப்புன்னு இருக்கும், வெடிக்கவும் செய்யும். நெறைய பேர் பக்கத்துல சொரக்கா இருக்கு, அதான் இனிப்பு இல்லன்னு சொல்றீங்க, அப்படி எல்லாம் இல்லவே இல்ல, அது ரெண்டும் கலக்காது.

கலக்கறது எதுன்னா கிர்ணியும் (முலாம்பழம்) வெள்ளரிப்பழமும், ரெண்டும் ஒரே இனம். இந்த வருஷப் பழம் மாறாது, ஆனா அதுலருந்து விதை எடுத்து போட்டா என்னமோ ஒண்ணு வரும். கிர்ணி வாசன வந்து, காம்பு லேசா தொட்டாலே விட்டுக்கணும், அப்பத்தான் பறிக்கணும். ஹனிட்யூன்னு இன்னொரு முலாம்பழ வகை, அது எனக்கு புடிக்காது, அதப் பத்தி பேசப் போறதில்ல.

ஆனா வெள்ளரிப்பழம்! தோல் தானா பொளந்துக்கும், உள்ள மாவு மாதிரி, நாட்டுச்சக்கரையும் ஏலக்காவும் போட்டா போதும், தர்பூசணிய விட எனக்கு இதுதான் உசுரு. பொளந்துட்டா தூரம் கொண்டு போக முடியாது, அதனாலதான் சூப்பர் மார்க்கெட்ல பாக்க முடியறதில்ல. அப்ப வீட்ல வெக்கறதுக்கு இதவிட என்ன காரணம் வேணும்?

ஏற்காட்டுலருந்து தர்பூசணி வெக்கலாமான்னு கேட்டவங்களுக்கு, 1500 மீட்டர் உசரத்துல ராத்திரி குளிருக்கு தர்பூசணி வேணாங்க, அங்க மிளகும் ஆரஞ்சும் வெச்சு எங்கள பொறாமப்பட வைங்க. சரி, அக்காவுக்கு அர்கா முத்து விதை 4 எடுத்து வெச்சிருக்கேன், போய் குடுத்துட்டு அந்த உரத்தையும் நிறுத்தச் சொல்லணும். பை மக்களே!