லைகா வாங்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். ஃபிலிம் கேமரா மோகம் திரும்பிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் அப்பாவின் பழைய கேமராவைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். நாலு ரோல் ஓடியதும் என்னிடம் வந்து, "சார், லைகா வாங்கலாமா?" என்கிறார்கள். ஜெர்மனியில் வெட்ஸ்லார் ஊர்க்காரர்களின் கேமரா. 1984இல் வந்த எம்6 மாடலை 2022இல் மறுபடி கொண்டுவந்தார்கள். அப்போது அமெரிக்காவில் விலை 5,295 டாலர். லென்ஸ் தனி. அதாவது, வெறும் பாடிக்கு அந்த விலை.

படம் அருமையாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படத்தின் தரம் லென்ஸிலும் ஃபிலிமிலும் இருக்கிறது. அதே 35 மி.மீ. ரோல்தான் எல்லா பாடியிலும் ஓடுகிறது.

அப்புறம் எதற்குக் காசு? பார்ப்பதற்கு. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். நடுவில் ஒரு கண்ணாடி. பட்டனை அழுத்தியதும் அது 'டக்' என்று எழும்பும், நமக்கு இருட்டு. எந்தக் கணத்தைப் பிடித்தோமோ அதை மட்டும் நாம் பார்ப்பதில்லை. லைகா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. தனியாக ஒரு ஜன்னல், அதில் வெள்ளைக் கோட்டில் ஒரு சட்டம். சட்டத்துக்கு வெளியே நடப்பதும் தெரியும். ஒரு சைக்கிள்காரர் இடதுபக்கம் வருகிறார் என்றால், அவர் படத்துக்குள் நுழையுமுன்பே நாம் தயார். ஃபோகஸ் செய்ய நடுவில் சின்னக் கட்டம். ஆளின் மூக்கு அதில் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பினால் இரண்டும் ஒன்றாகும். சுகமான வேலை! ஆனால் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் ஜன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். ரோலைக் கழுவினால்தான் தெரியும், ஒன்றுமே பதியவில்லை என்று.

இந்த இடத்தில் திருவண்ணாமலையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1950 ஏப்ரல், ரமண மகரிஷியின் கடைசி நாட்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரஸ்ஸான் அங்கே இருந்தார். லைகாவின் பளபளப்பு யார் கண்ணையும் உறுத்தக்கூடாதென்று கறுப்பு டேப் ஒட்டிக்கொள்கிற மனிதர். மகரிஷி மறைந்த ஏப்ரல் 14 இரவு 8.47க்கு அவர் வானத்தில் கண்ட எரிநட்சத்திரத்தைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். நான் அவர் மகரிஷியை எடுத்த படங்களைப் பற்றிப் பேசுவேன். நோயில் தளர்ந்த ஒரு பெரியவர் முன்னால் 'டக்டக்' என்று சத்தம் போட்டுக்கொண்டு நிற்க முடியுமா? கண்ணாடி எழும்பாத கேமராவுக்கு அந்த அடக்கம் உண்டு. இன்னொன்றும் கவனியுங்கள். லைகாவின் புகழ்பெற்ற எம்3 மாடல் வந்ததே 1954இல். அதற்கு முந்தைய, வெளிச்சம் அளக்கும் மீட்டர்கூட இல்லாத சின்னக் கேமரா போதுமாக இருந்தது அவருக்கு.

சத்தம் வேண்டாம், அவ்வளவுதானே? கேனானின் கேனோனெட் இருக்கிறது, யாஷிகா எலெக்ட்ரோ 35 இருக்கிறது. இரண்டும் ரேஞ்ச்ஃபைண்டர்தான். வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் லைகாவைவிடச் சத்தம் குறைவு. ஆனால் இவற்றில் லென்ஸைக் கழற்றி வேறு மாட்ட முடியாது. யாஷிகாவில் எலெக்ட்ரானிக்ஸ் போய்விட்டால் சிரமம். எழுபது வருஷத்து எம்3ஐ இன்றும் பிரித்து மாட்ட ஆள் இருக்கிறார்கள். லைகா விலையில் நான் ஒப்புக்கொள்கிற பங்கு அதுதான். வாரம் ஒரு ரோல் ஓட்டுகிறவர் பழைய லைகா எம் ஒன்றை வாங்கட்டும், வீண்போகாது. மற்றவர்கள் கேனோனெட் வாங்கி, மிச்சக் காசுக்கு ஃபிலிம் வாங்குங்கள். நகைபோல பீரோவில் பூட்டிவைக்க வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நம் கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் பூட்டிய லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சொல்லிவிட்டேன்.

பழைய கேமரா வாங்கும்போது பார்க்க வேண்டியதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடிகிறதாம், சைகை காட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்கிறேன்: லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், நூல்நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. ஒரு நொடி வேகத்தில் வைத்து அழுத்தி, ஷட்டர் சிக்காமல் மூடுகிறதா என்று கேளுங்கள். துணி ஷட்டரில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். ஜன்னலில் அந்தச் சின்னக் கட்டம் மங்கியிருந்தால் வேண்டாம். வணக்கம்.