காற்று வரும் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். கடலே இல்லாத சேலத்திலிருந்து மாலுமிகளின் பேச்சு ஒன்றைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். நம் மலைக்கும் அது மிகவும் வேண்டியது.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அது 'விண்ட்வர்ட்', அதாவது காற்றுமுகப் பக்கம். அது போகிற பக்கம் 'லீவர்ட்', மறைவுப் பக்கம். மாலுமிகளின் வாயில் இது 'லூவர்ட்' என்று வரும். காற்றுக்கு எப்போதும் அது வருகிற திசையை வைத்துத்தான் பெயர். நம் முன்னோரும் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றார்கள், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றார்கள். நீரோட்டத்துக்கு மட்டும் கடலில் வழக்கு வேறு: அது போகிற திசையைச் சொல்வார்கள்.

பலரும் தடுமாறுவது 'லீ ஷோர்' என்பதில்தான். ஒரு தீவின் மறைவுப் பக்கத்தில் அலை அடங்கியிருக்கும். காற்றைத் தீவு தடுத்துவிடுவதால் அங்கே நங்கூரம் போடலாம். ஆனால் 'லீ ஷோர்' என்று கேட்டாலே பாய்மரக் கப்பல்காரருக்கு அடிவயிறு கலங்கும். கப்பலுக்குக் காற்று போகிற பக்கமாக இருக்கும் கரை அது. காற்று கப்பலை அந்தப் பாறைகள் மேலேயே கொண்டுபோய்த் தள்ளும். முன்னதைத் தீவை வைத்துச் சொல்கிறோம், பின்னதைக் கப்பலை வைத்து. எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது ஏற்காடு இருக்கும் நம் சேர்வராயன் மலைக்கு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அரபிக்கடல் ஈரத்தில் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. சேலம் அதன் மறைவுப் பக்கத்தில் கிடக்கிறது. மிச்சமிருக்கும் ஈரக்காற்று ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டின் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. கீழே வெயில் காயும்போதே மேலே தூறுவது அதனால்தான். அந்த மாதங்களில் சேலத்தைப் பார்த்த லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைப் பக்கம் காற்றுமுகம். அக்டோபரில் வடகிழக்குக் காற்று தொடங்கியதும் கிழக்கே இருக்கும் பகோடா பாயிண்ட் பக்கம் காற்றுமுகமாகிவிடும், லேடீஸ் சீட் மறைவுக்குள் போய்விடும். ஆகவே மலையின் மழைப்பக்கம் எது என்று கேட்பவர்கள் மாதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் மருந்தடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்று பலமாக வீசினால் அடிக்கவே வேண்டாம். இலேசான காற்றென்றாலும் காற்றுமுகப் பக்கம் நின்று, முதுகில் காற்றுப் படும்படி அடியுங்கள். மருந்துத் துளி உங்கள் மூச்சில் ஏறாது. மறைவுப் பக்கம் ஆள் யாராவது நிற்கிறார்களா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.