வெள்ளிப் பூச்சுக்கு அடியில்

அனைவருக்கும் வணக்கம்.

ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் காரின் முன்னால் நிற்கும் அந்தப் பெண் சிலைதான் நம் நினைவுக்கு வரும். அந்தச் சிலை 1911-இல் வந்தது. கம்பெனிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கார் அதற்கு முன்பே ஊர் ஊராக ஓடிவிட்டது. இன்று அதன் பானெட்டைத் திறந்து பார்ப்போம்.

அதைச் செய்த ஹென்றி ராய்ஸ் வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. சின்ன வயதில் பேப்பர் விற்றவர், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவர். பீட்டர்பரோ ரயில்வே பட்டறையில் வேலை பழகினார். பணம் கட்ட முடியாமல் அதுவும் பாதியில் நின்றது. பிறகு மான்செஸ்டரில் மின்சாதனங்கள் செய்து பிழைத்தார். பழைய பிரெஞ்சு கார் ஒன்றை வாங்கினார், அதன் குறைகளைப் பார்த்துப் பார்த்து 1904-இல் தானே ஒரு கார் செய்தார். அதே ஆண்டு மே மாதம், லண்டனில் கார் விற்றுவந்த சார்லஸ் ரோல்ஸ் அவரைச் சந்தித்தார்; இருவர் பெயரும் சேர்ந்ததுதான் கம்பெனியின் பெயர். சரி, அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தது கிராங்க் தண்டைப் பற்றி. பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் எஞ்சின் தண்டு அது. ஈரத் துணியைப் பிழியும்போது ஒரு கை ஒரு பக்கம், மறு கை மறு பக்கம் திருகுகிறோம் இல்லையா? ஆறு சிலிண்டர் எஞ்சினில் தண்டு நீளம். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எரிபொருள் வெடிக்கும்போது தண்டு கொஞ்சம் முறுக்கிக்கொண்டு திரும்பும். குறிப்பிட்ட வேகத்தில் இந்த முறுக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, இரும்பே ஒடிந்துவிடும். ராய்ஸின் முந்தைய ஆறு சிலிண்டர் காரிலேயே கிராங்க் ஒடிந்தது. அவர் மழுப்பவில்லை. 1906-இல் வந்த 40/50 மாடலில் தண்டைத் தடிமனாக்கினார், ஏழு பேரிங்குகளில் தாங்க வைத்தார், எண்ணெயை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தினார். எஞ்சின் 7,036 சிசி. அந்தக் காரின் அமைதிக்குப் பெரும் காரணம் இந்தத் தண்டுதான் என்பது என் உறுதியான கருத்து. மெத்தை இருக்கையெல்லாம் அப்புறம்தான்.

இந்த மாடலின் பன்னிரண்டாவது சேசிஸுக்கு, அதாவது எஞ்சினும் சக்கரமும் பொருத்திய அடிச்சட்டத்துக்கு, பார்க்கர் கம்பெனி பாடி கட்டியது. வெள்ளி நிறம், வெள்ளி முலாம் பூசிய பாகங்கள். கம்பெனியின் நிர்வாகி கிளாட் ஜான்சன் அதற்கு 'சில்வர் கோஸ்ட்' (வெள்ளி ஆவி) என்று பெயர் வைத்தார்.

1907-இல் அதை 15,000 மைல் ஓட்டிப் பார்த்தார்கள். கூடவே ஆட்டோமொபைல் கிளப்பின் பார்வையாளர்கள். 629-ஆவது மைலில் கார் நின்றுவிட்டது. எஞ்சினில் கோளாறு இல்லை; பெட்ரோல் குழாயின் சின்னத் திருகு, ஆட்டத்தில் தானாக மூடிக்கொண்டது. திறந்துவிட்டார்கள். அதன்பின் 14,371 மைல்! டயர் மாற்றியதைத் தவிர, கோளாறு என்று ஒருமுறைகூட நிற்கவில்லை. அன்றைய சாலைகளை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

ஓட்டம் முடிந்ததும் காரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார்கள். எஞ்சினில் அளக்கக்கூடிய தேய்மானமே இல்லை. மீண்டும் புதுக் கார் போலாக்கத் தேவைப்பட்ட உதிரிகளுக்கு விலை போட்டார்கள். வெறும் சேசிஸ் மட்டும் ஆயிரம் பிரிட்டிஷ் பவுண்டை நெருங்கிய காலம் அது. உதிரிகளின் பில் 2 பவுண்டு, 2 ஷில்லிங், 7 பென்ஸ்.