பேசாத படத்துக்கும் பேனா வேண்டும்

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம்.

சினிமாவுக்கு உயிர் நடிப்பா, எழுத்தா? எதிரணித் தம்பி போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "ஊமைப்படத்தில் வசனமே இல்லை, அங்கே எழுத்தாளருக்கு என்ன வேலை?" நீங்களும் கை தட்டினீர்கள். சரி, அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஜீன் காண்டியர் என்று அமெரிக்காவில் ஒரு நாடக நடிகை. 1906-இல் சினிமாவில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? வில்லன் அவரைத் தூக்கி ஆற்றில் எறிவான், இவர் விழ வேண்டும். அவ்வளவுதான்! விழுந்தார். அந்தக் காலத்துப் பாவாடை தரையைத் தொடும். நனைந்தால் அந்தத் துணி எவ்வளவு கனக்கும் என்று துவைக்கிற அம்மாக்களைக் கேளுங்கள். அதோடு தண்ணீரில் கிடந்து நடிக்க வேண்டும். அபாரமான நடிப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பி, எறிந்தது வில்லன், எறியச் சொன்னது யார்? யாரோ ஒருத்தர் உட்கார்ந்து யோசித்த கதைதானே?

அது அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. ஆற்றிலிருந்து கரையேறியவர் பேனாவை எடுத்தார். கேலம் என்ற படக் கம்பெனிக்குக் கதை எழுதினார், தான் எழுதிய உளவுப்பெண் கதைகளில் தானே நடித்தார். 1907-இல் 'பென் ஹர்' என்ற தடித்த நாவலை ஒரே ரீலுக்குள், கால் மணி நேரத்துக்குள் அடக்கிக் கொடுத்தார். கம்பெனி யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், நாவலைப் படமாக்க உரிமை வாங்கியே ஆக வேண்டும் என்று 1911-இல் தீர்ப்பு வந்தது. கம்பெனி கட்டியது 25,000 டாலர். ஒரு வார்த்தை பேசாத படம் தம்பி! நடிப்பைத் திருடினார்கள் என்றா வழக்குப் போட்டார்கள்? கதைக்காகப் போட்டார்கள்!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒரே நிமிடம் ஐயா. 1912-இல் பாலஸ்தீனத்துக்கும் எகிப்துக்கும் போய் இயேசுவின் வாழ்க்கையைப் படமெடுத்தார்கள். திரைக்கதை காண்டியர், மரியாளும் அவரே. அப்புறம் சினிமாவை விட்டு விலகி, 1966-இல் மெக்சிகோவில் கண்ணை மூடினார். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. போன வருடம் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நடுவில் வருகிற எழுத்து எதையும் படிக்க முடியாது. சிலுவைக் காட்சி வந்ததும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தத் தாயா வர்ற பொண்ணு யாருப்பா?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

ஜீன் காண்டியர், அம்மா.

நன்றி, வணக்கம்.