நிதானமே தியானத்தை நிலைக்கச் செய்யும்

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, மாலை நேர நெரிசலைக் கடந்து மயிலாப்பூருக்கு வந்து இந்த அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தியானப் பழக்கம் நிலைப்பதற்குப் பெரிதும் துணை நிற்பது பெருமுயற்சியோடு இறங்கும் வேகமா, சிறிதாகத் தொடங்கும் நிதானமா என்பது இன்றைய தலைப்பு. வேகமே என்று வாதிட்ட எதிரணித் தலைவர் மூன்று காரணங்களை முன்வைத்தார். பத்து நிமிடத்தில் தொடங்குபவர் கடைசிவரை பத்து நிமிடத்திலேயே தங்கிவிடுவார் என்றார். பெரிய பலனை எதிர்பார்த்தால்தான் அதிகாலையில் எழுந்திருக்க மனம் வரும் என்றார். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் பிறகு பழக்கம் தானாகவே ஒட்டிக்கொள்ளும் என்றார். தியானத்தின் மீதுள்ள அன்பினால்தான் அவர் அப்படிப் பேசினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே அன்பினால்தான் நான் மறுக்கவும் வந்திருக்கிறேன்.

காரணங்களுக்குள் போகும் முன், தியானத்துக்கு உட்காரும் ஒருவருக்கு என்னதான் நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்ப்போம். பெரம்பூரில் ஓர் அடுக்குமாடி வீடு; காலை ஐந்தரை மணி. வாசல் கதவில் மாட்டிய பையில் பால் பாக்கெட் விழுந்தாயிற்று. அந்த வீட்டு அம்மையார் கூடத்தில் பாயை விரித்து, சுவரோரமாகச் சம்மணமிட்டு, கண்களை மூடுகிறார். மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது அவ்வளவுதான். நான்காவது மூச்சில், அரைத்து வைத்த மாவு பொங்கியிருக்குமா என்று ஒரு நினைவு வருகிறது. மாவிலிருந்து கிரைண்டருக்கும், கிரைண்டரிலிருந்து அதைப் பழுது பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு வராமலே போனவருக்கும், அங்கிருந்து அண்ணன் மகள் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்ற கவலைக்கும் மனம் போய்விடுகிறது. தெருவில் மெட்ரோ வாட்டர் லாரி ஹார்ன் அடிக்கும்போதுதான், எண்ணிக்கை எப்போதோ நின்றுவிட்டது என்பது அவருக்கு உறைக்கிறது. மறுபடியும் ஒன்று என்று தொடங்குகிறார்.

நடுவர் அவர்களே, அந்த அம்மையார் செய்தது தியானமா, இல்லையா? இந்தப் பட்டிமன்றத்தின் தீர்ப்பு இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். எதிரணி வகுத்த அளவுகோலின்படி அவர் தோற்றுவிட்டார். மனம் ஒடுங்கவில்லை, நிம்மதி வரவில்லை, பத்து நிமிடம் வீண். எங்கள் அணியின் கணக்குப்படி, போன மனம் போய்விட்டது என்று அவர் உணர்ந்து, தன்னைத் திட்டிக்கொள்ளாமல் மூச்சுக்குத் திரும்பினாரே, அந்த இடத்தில்தான் பயிற்சி நடந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் இருபது முறை மனம் அலைந்து இருபது முறை அதை அழைத்து வந்திருந்தால், அவர் இருபது முறை பயிற்சி செய்திருக்கிறார்.

மனம் அலைவது அவருடைய குறையும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம், அவர்கள் அன்றாட வேலையில் இருக்கும்போது, திடீர் திடீரென்று கைப்பேசி வழியாக, ‘இந்த நொடியில் உங்கள் மனம் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டார்கள். கேட்ட வேளைகளில் ஏறத்தாழ 47 சதவீதத்தில் மனம் கையில் இருந்த வேலையில் இல்லை. இதை ஆய்வு சொல்லித்தான் நாம் அறிய வேண்டும் என்பதும் இல்லை. மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போன தாயுமானவர், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று முடித்தார். வாழ்நாள் முழுவதையும் அதற்கே கொடுத்த ஒருவர் அரிது என்று சொன்னதை, வீட்டு வேலைக்கும் அலுவலக வேலைக்கும் நடுவே கண்ணை மூடும் ஒருவரிடம் முதல் வாரத்திலேயே எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

இனி எதிர்பார்ப்பைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். ஆதம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த வங்கி ஊழியர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், உழைப்பாளி. இரத்த அழுத்தம், தூக்கமின்மை, வீட்டில் எதற்கெடுத்தாலும் வரும் கோபம் ஆகிய மூன்றும் தியானத்தால் ஒரே மாதத்தில் போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பினார். நாலு மணிக்கு அலாரம் வைத்தார். முதல் நாளே ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், தேர்வு மதிப்பெண் விஷயமாக மகனிடம் பழையபடியே கத்தித் தீர்த்துவிட்டார். அன்றிரவு மனைவியிடம், “எனக்கு இதெல்லாம் ஒத்துவராது” என்று சொல்லிவிட்டு அலாரத்தை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் உட்காரவே இல்லை. ‘ஒத்துவராது’ என்ற அந்தச் சொல்லை இந்த ஊரில் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்று வாரம் விடியுமுன் எழுந்து உட்கார்ந்தவருக்கு மன உறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவர் கையில் கொடுக்கப்பட்ட எதிர்பார்ப்புதான் தவறு. ஒவ்வொரு நாளும் அது அவருக்குத் தேர்வு வைத்தது. ஒரு நாள் அவரைத் தோற்கடித்தது.

தியானத்தால் உண்மையில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேரின் விவரங்களோடு, தொகுத்துப் பார்த்து 2014ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பதற்றம், மனச்சோர்வு, உடல்வலி ஆகியவை ஓரளவு குறைகின்றன என்பதற்கு அவர்களுக்கு மிதமான சான்று கிடைத்தது. உடற்பயிற்சி, மருந்து போன்ற பிற சிகிச்சைகளைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இதைச் சொல்வதால் தியானத்தை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். பதற்றத்தில் தவிக்கும் ஒருவருக்கு அது ஓரளவு குறைவதே பெரிய ஆறுதல். ஆனால் அற்புதத்துக்காகக் காத்திருப்பவர் கண்ணுக்கு அந்த ஓரளவு தென்படாது. தென்படாததால் கிடைத்துக்கொண்டிருப்பதையும் விட்டுவிடுவார். இந்த மேடையில் இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை: தியானம் தொடங்கிவிட்டோம் என்பதற்காக இரத்த அழுத்த மாத்திரையையோ, மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையையோ யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

மண்டலக் கணக்குக்கு வருகிறேன். 48 நாள் என்பதை விரதமாக நான் மதிக்கிறேன். பழக்கம் உருவாகும் கால அளவாக அதை ஏற்க என்னால் முடியவில்லை. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 96 பேரைத் தினமும் குறித்த வேளையில் ஒரு புதிய செயலைச் செய்யச் சொல்லிக் கவனித்தார்கள். அது தன்னியல்பான பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படவில்லை என்பதையும் கண்டார்கள். நாம் வாழும் வாழ்க்கைக்கு வேண்டிய செய்தி இந்த இரண்டாவதுதான். ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் நிற்கும், மாமியாரை இரவோடு இரவாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும், மதுரைக் கல்யாணத்துக்கு இரவு ரயில் பிடிக்க வேண்டியிருக்கும். மண்டலத்தை நம்பியவருக்கு அன்றோடு விரதம் கலைந்துவிட்டது. மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்? நிதானத்தை நம்பியவர் மறுநாள் காலையில் பேசாமல் பாயை விரிப்பார்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் நடக்கும் விபாசனா என்ற பத்து நாள் தியானப் பயிற்சியை எடுத்துக்காட்டி, நாளுக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தவர்கள் மாறித் திரும்புவதைச் சொன்னார். நல்ல சான்று, அதை நான் தள்ளிவிட விரும்பவில்லை. ஆனால் அந்தப் பயிற்சியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம். முதல் மூன்று நாளும் மூக்கு வழியாகப் போய்வரும் மூச்சைக் கவனிப்பது ஒன்றுதான் வேலை. உடலில் எழும் உணர்வுகளைக் கவனிக்கும் விபாசனாவையே நான்காவது நாளில்தான் கற்றுத் தருகிறார்கள். இந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோயங்கா 1955ஆம் ஆண்டில் பர்மாவில் ஊ பா கின் என்பவரிடம் பயிலத் தொடங்கி, 1969ஆம் ஆண்டில்தான் இங்கே வந்து கற்பிக்கத் தொடங்கினார். நடுவில் 14 ஆண்டுகள். பயிற்சி முடித்தவர்கள் வீட்டில் காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் உட்கார வேண்டும் என்றுதான் அங்கே அறிவுறுத்துகிறார்கள் என்பதை நான் மறைக்க மாட்டேன். முடிந்தவர்கள் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் அங்கே பத்து நாளும் கைப்பேசி கையில் இருக்காது, சமையலை வேறொருவர் பார்த்துக்கொள்வார், முதல் ஒன்பது நாளும் பயில்பவர்களுக்குள் பேச்சே கிடையாது. பதினோராவது நாள் அவர் திரும்பி வருவது பெரம்பூர் வீட்டுக்குத்தான். அதோடு, அந்தப் பயிற்சிக்கான விண்ணப்பத்திலேயே மனநலம் பற்றிக் கேட்கிறார்கள். நீண்ட நேரத் தீவிரப் பயிற்சி எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் பொருந்தாது என்பது அதை நடத்துபவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

நம் பக்கத்தில் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911ஆம் ஆண்டில் பிறந்த வேதாத்திரி மகரிஷியும் மனவளக்கலை என்ற தம் பயிற்சி முறையில் தியானங்களைப் படிப்படியாகவே வகுத்தார்: முதலில் ஆக்கினை, அடுத்து சாந்தி, பிறகுதான் துரியம். யோக சூத்திரம் தந்த பதஞ்சலியோ, பயிற்சி நெடுங்காலம், இடைவிடாமல், ஈடுபாட்டோடு நடந்தால் உறுதிப்படும் என்றார். ‘இடைவிடாமல்’ என்பதை எதிரணி தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக்கூடும். எடுத்துக்கொள்ளட்டும்; ஆனால் மூன்று வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிறுத்தியவர், ஆண்டு முழுவதும் பத்து நிமிடம் உட்கார்ந்தவர் ஆகிய இருவரில் ‘நெடுங்காலம்’ என்பது யாருக்குப் பொருந்தும் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

பத்து நிமிடத்தில் தொடங்குபவர் அங்கேயே நின்றுவிடுவார் என்றார்களே, அதற்கு என் விடை சுருக்கமானது. நின்றால் நிற்கட்டும், ஆயுள் முழுவதும் பத்து நிமிடம் உட்காருபவர் நான் வணங்கத் தகுந்தவர். ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலும் அப்படி நிற்பதில்லை. இதே மயிலாப்பூரில் பாட்டு வகுப்பில் சேரும் குழந்தைக்கு எந்த ஆசிரியரும் முதல் நாளே வர்ணம் சொல்லிக் கொடுப்பதில்லை. சரளி வரிசையில் குரல் படிந்த பிறகு, அடுத்ததை எப்போது சொல்லித் தருவீர்கள் என்று குழந்தையே கேட்கிறது.

ஆகவே, தொடங்க நினைப்பவர்களுக்கு எங்கள் அணி சொல்வது இதுதான். பல் துலக்கிய பின், காபிக்கு முன், பத்து நிமிடம் ஒரே இடத்தில் உட்காருங்கள். முழங்கால் வலித்தால் நாற்காலியில் உட்காருங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை. எழுந்ததும் சுவரில் தொங்கும் காலண்டரில் அன்றைய தேதியின் மேல் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மனம் ஒடுங்கியதா, ஒளி தெரிந்ததா என்று அதில் எதுவும் எழுத வேண்டாம். உட்கார்ந்தேன் என்பது ஒன்றே கணக்கு. பலனைப் பற்றிக் கேள்வி வந்தால் ஆறு மாதம் கழித்து வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள். கோபம் வந்த பிறகு அது தணிய எடுத்துக்கொள்ளும் நேரம் குறைந்திருக்கிறதா என்பது உங்களைவிட அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். நீங்கள் காட்டும் வழியில், நாலு மணிக்கு எழுந்து, பெரிய பலனை எதிர்பார்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு, அந்த மணி நேரம் முழுவதும் மனம் ஓயாமல் அலைந்துகொண்டே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை அவர் திரும்ப உட்காருவதற்கு நீங்கள் என்ன காரணம் சொல்வீர்கள்? அந்தக் காரணம் எங்கள் அணியிடமிருந்து கடன் வாங்கியதாக இல்லாமல் இருந்தால், நடுவர் அவர்களே, தீர்ப்பை அவர்கள் பக்கமே வழங்குங்கள். நன்றி, வணக்கம்.